தொழுகைக்குத் தடையில்லாத இரத்தம்

குளியலறைக் கதவை மருமகன் ஒருதரம் தட்டினார். அவர் தட்டுவது தனி விதம். மற்றவர்கள் அறைவார்கள். அவர் விரல் நுனியால் தொட்டுவிட்டு இருமுவார்.

“இந்தா வாறன் மகன்,” என்றேன்.

வரவில்லை. துவைக்கப் போட்ட உள்பாவாடையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைத் துணியில், கறிவேப்பிலை அகலத்துக்கு ஒரு கறை. கபில நிறம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

முதலில் தேயிலைச் சாயம் என்று நினைத்தேன். பிறகு குழாய்த் துரு என்று நினைத்தேன். தேயிலைச் சாயமும் குழாய்த் துருவும் அந்த இடத்துக்கு எப்படி வரும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கு மாதம் நின்று கன வருடம். மகள் றிஸ்னாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே நின்றுவிட்டது.

அது நோன்பு மாதத்துக்கு இரண்டு மாதம் முந்திய மிஃராஜ் மாதம். கட்டாயமில்லாத, சுன்னத்தான திங்கட்கிழமை நோன்பு பிடித்திருந்தேன். நம்பினால் நம்புங்கள், ‘எனக்கு என்ன நோயோ வருத்தமோ’ என்ற எண்ணம் என் பக்கத்தில்கூட வரவில்லை. வந்தது ஒரே கேள்விதான். இன்றைய நோன்பு கூடுமா, முறிந்துவிட்டதா?

“மாமி, அஸருக்கு வாங்கு சொல்லப் போகுது,” என்று வெளியே இருமல்.

சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். கறை போய்விட்டது. கறை போனால் விஷயமும் போனது என்று நினைக்கிற ஆள் நான்.

முப்பதும் முழுசு

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மகள் கலியாணம் முடித்தால் வீடு மகளுக்கு. முன்பக்கம் றிஸ்னாவும் மருமகனும். பின்பக்கத்து அறையில் நானும் றிஸ்னாவின் வாப்பாவும். குளியலறை இரண்டு குடும்பத்துக்கும் ஒன்றே ஒன்று. இப்படி ஒரு வீட்டில் பெண்ணொருத்தி தன் உடம்பின் சங்கதியை மறைத்து வைப்பது பெரிய பாடு. ஆனால் அதற்குத்தான் சின்ன வயதிலிருந்தே எங்களுக்குப் பயிற்சி இருக்கிறதே.

நோன்பு மாதத்தில், மாதம் வந்து தொழுகை இல்லாத நாட்களானால் என்ன செய்வோம்? நோன்பு இல்லை, ஆனால் நோன்புகாரி போல நடக்க வேண்டும். விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்ப வேண்டும். பகலில் உதட்டைக் காயவிட வேண்டும். பசி தாங்காவிட்டால் குசினிக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, தேங்காய் துருவுகிற மாதிரிக் குனிந்து, மிஞ்சிய இடியப்பத்தை வாய்க்குள் தள்ள வேண்டும்.

கலியாணத்துக்கு முன்பு ஒருநாள் வாய் நிறைய வாழைப்பழத்தோடு நான் நிற்க, என் வாப்பா குசினிக்குள் வந்து கத்தி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

“என்ன புள்ள, கதைக்கிறாய் இல்ல?” என்றார்.

தலையை ஆட்டினேன்.

“நோன்புக் களைப்பு,” என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தெரியாத மாதிரிப் போனது அவருடைய அன்பு.

மாதம் நின்ற வருடம்தான் முதன்முதலாக நோன்பு முப்பதையும் விட்டுப் பிறகு பிடிக்கிற களா ஒன்றும் இல்லாமல் பிடித்தேன். பெருநாளன்று கதீஜா மச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். மச்சி, றிஸ்னாவின் வாப்பாவோடு கூடப் பிறந்தவர். என்னைவிட இரண்டொரு வயது மூப்பு. அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார்.

“இந்தமுறை எனக்கு முப்பதும் முழுசு மச்சி.”

“எனக்குப் போன வருசமே முழுசு,” என்றார்.

எதிலும் எனக்கு ஒரு வருடம் முந்தி நிற்பார் மச்சி.

இரண்டு சுற்று

றிஸ்னாவின் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. எங்கள் ஒழுங்கை பிரதான வீதியில் முட்டுகிற இடத்தில் இருக்கிறது. அரிசி, பருப்பு, சவர்க்காரம், சீனி எல்லாம் அவர் சும்மா தூக்கிக் கொடுப்பார். பெண்கள் மாதத்துக்குப் பாவிக்கிற பேட் பக்கட்டை மட்டும் பழைய பத்திரிகையில் ஒரு சுற்று, அதற்கு மேல் இன்னொரு சுற்று, பிறகு கறுப்புச் சொப்பிங் பேக். ஆருக்கும் தெரியக்கூடாதாம்.

ஊரில் கறுப்புச் சொப்பிங் பேக்கோடு ஒரு பெண் நடந்து போனால் உள்ளே என்ன என்று வீதியில் நிற்கிற ஆட்டுக்கும் தெரியும். ஆனாலும் அவர் சுற்றுவதை விடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நானும் அந்தக் கடைக்குப் போக வேண்டி வந்தது. ஆனால் அதற்கு முன்னால் மஜ்லிஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு பொம்புள

வியாழக்கிழமைகளில் பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் பகுதியில், மார்க்கம் படிக்கிற பெண்கள் மஜ்லிஸ் நடக்கும். ஓதிக்கொடுக்கிறவர் ஷிபானா மௌலவியா. என் மகளின் வயது. சட்டத்தைப் பதறாமல், ஆரையும் நோகடிக்காமல் சொல்வார்.

எங்கள் மஜ்லிஸில் ஒருத்தி இருக்கிறா. இதுவரை ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் கேள்விகள் முக்கால்வாசி அவடதுதான். அவட பெயர் ‘ஒரு பொம்புள’.

“மௌலவியா, ஒரு பொம்புள கேக்கச் சொன்னா. நகத்துல பூசின சாயம் இரிக்கக்குள்ள ஒழு கூடுமாம்?”

“ஒரு பொம்புளைட மாப்புள குறட்ட விடுறாராம். வேற அறையில படுத்தா குத்தமாமா எண்டு கேட்டா.”

இதைக் கேட்கும்போது ஆரும் கேட்கிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டோம். ஓதுகிற கிதாபைப் பார்ப்போம், பாயின் கோரையைப் பார்ப்போம். அது எங்களுக்குள் எழுதாத மரியாதை. குறட்டைக் கேள்வியைக் கேட்டவரின் கண் மட்டும் நித்திரை இல்லாமல் சிவந்திருந்தது.

கறை கண்ட கிழமை நானும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

“மௌலவியா, ஒரு பொம்புளைக்கு, நாள் இல்லாத நாளையில கொஞ்சம் கண்டதாம். துளிதான். அண்டைக்கே நிண்டும் போச்சாம். தொழலாமா, நோன்பு கூடுமா?”

“ஒரு நாள் அளவுக்கும் வராம நிண்டா அது மாதவிடாய்க் கணக்கில இல்ல,” என்றார் மௌலவியா. “அத இஸ்திஹாழா எண்டு சொல்ற. கழுவிக்கொண்டு, ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் ஒழு எடுத்துத் தொழச் சொல்லுங்க. நோன்பும் கூடும். திரும்பவும் கண்டா டொக்டருக்குக் காட்டச் சொல்லுங்க.”

“ஓம், சொல்லிவிடுறன்,” என்றேன்.

அன்று மஃரிபை எவ்வளவு நிம்மதியாகத் தொழுதேன் தெரியுமா? தொழுகை கூடும், நோன்பு கூடும். சட்டம் கிடைத்துவிட்டது. இனி என்ன கவலை?

டொக்டரிடம் போகச் சொன்னதை மட்டும் அந்தப் பொம்புளையிடம் நான் சொல்லவேயில்லை.

ஆருக்கு?

பிறகும் கண்டது. கொஞ்ச நாள் ஒன்றுமில்லை, திரும்ப ஒரு துளி. ஒவ்வொரு தரமும் கழுவினேன், முகம் கைகால் கழுவி ஒழு எடுத்தேன், தொழுதேன். மறுகாலும் ஒருநாள் காலையில் படுக்கை விரிப்பிலேயே இருந்தது. இந்தமுறை கபிலம் இல்லை, சிவப்பு.

துணி போதவில்லை. கடைக்குப் போனேன்.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மேல்தட்டைக் காட்டி, “அதில ஒண்டு தாங்க,” என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். “ஆருக்கு?”

வாயில் தயாராக இருந்தது. “ஒரு பொம்புளைக்கு.”

மனிதர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பத்திரிகையை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று. கறுப்புச் சொப்பிங் பேக்கில் போட்டு, சொந்தப் பெண்சாதியிடம், வேறு வாடிக்கையாளருக்குக் கொடுப்பதுபோல் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நீட்டினார்.

சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். பயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் அந்த வருத்தத்தின் பெயரை ஆரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள், ‘அது’ என்பார்கள். போய்த் தேடினால் ‘அது’ கிடைத்துவிடும், தேடாவிட்டால் இல்லாமலே இருந்துவிடும் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தொழுகை நடக்கிறது, சமையல் நடக்கிறது, வலி ஒன்றும் இல்லை. பிறகு ஏன் கிண்ட வேண்டும் என்று இருந்தேன்.

என்ட வயசு வரும்

ஆனால் இப்போது ஒரு நாளுக்கு மேல் நீண்டுவிட்டது. சட்டம் மாறுமே. தொழலாமா, விடலாமா? அந்தச் சந்தேகம்தான் என்னைத் திரும்பவும் மஜ்லிஸில் வாய் திறக்க வைத்தது. அல்லாஹ் என்னை எந்த வழியால் பிடித்து இழுக்க வேண்டும் என்று அறிந்தே இழுத்திருக்கிறான்.

“மௌலவியா, போனமுறை கேட்ட அதே பொம்புள…”

“இன்னும் நிக்கல்லியா?” மௌலவியா கிதாபிலிருந்து தலையைத் தூக்கினார். “டொக்டருக்குக் காட்டினாவாமா?”

“இன்னும் இல்ல போல.”

“என்ன வயசு அவவுக்கு?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பொம்புளைக்கு வயது என்று ஒன்று இருந்ததேயில்லை.

“என்ட வயசு வரும்,” என்றேன்.

பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் இன்னும் உன்னிப்பாகக் கோரையைப் பார்த்தார்கள்.

“மாதம் வாற ஆளா, நிண்ட ஆளா?”

“நிண்டு கன காலமாம்.”

மௌலவியா கிதாபை மூடினார். “சரி, இண்டைக்கு இம்மட்டும் போதும். சலவாத்துச் சொல்லி எழும்புங்க. மாமி, நீங்க கொஞ்சம் இரிங்க.”

எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ‘நீங்களா’ என்று கேட்கவில்லை.

“மாமி, நீங்க முதல் கேக்கக்குள்ள நான் மாதம் வாற வயசுப் பொம்புள எண்டு நெனச்சன். நான் சொன்னது தொழுகைக்குள்ள சட்டம். எங்கால வருது, ஏன் வருது எண்டுறதுக்கு என்னட்டப் பதில் இல்ல. தொழுகைக்குத் தடையில்ல எண்டா வருத்தம் இல்ல எண்டு அர்த்தமா?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பொம்புள டொக்டர் இரிக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

“இரிந்தா அவக்கிட்டப் போங்க. இல்லாட்டி, தேவைக்கு ஆம்புள டொக்டருக்கிட்டயும் காட்டலாம், பக்கத்தில றிஸ்னா நிக்கட்டும். அது குத்தமில்ல.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “மாமி, ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவங்கக்கிட்ட இதே விஷயத்தக் கேக்க வந்த ஸஹாபிப் பெண், ‘ஒரு பொம்புளைக்கு’ எண்டு கேக்கல்ல. எனக்கு இப்படி இரிக்கி எண்டுதான் கேட்டாங்க.”

இவ்வளவு காலமும் அந்த ஹதீஸை ஓதக் கேட்டிருக்கிறேன். அதிலிருந்த ‘எனக்கு’ என் காதில் விழுந்ததே இல்லை.

“நாளைக்கு றிஸ்னாக்கிட்ட நீங்க சொல்லாட்டி, நான் சொல்லுவன்,” என்று எழும்பினார் மௌலவியா. பதறாமல் பயமுறுத்தவும் அவருக்குத் தெரியும்.

திரைக்கு அங்கால

றிஸ்னாவிடம் சொன்னேன். “எத்தின நாளா?” என்றாள். சொன்னேன். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஓட்டோவுக்குக் கோல் எடுத்தாள். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் கிளினிக். காரைதீவுப் பக்கத்து டொக்டரம்மா ஒருவர் இருந்தார். நெற்றியில் சின்னப் பொட்டு, காலில் சத்தமில்லாத செருப்பு.

“சொல்லுங்கம்மா, என்ன வருத்தம்?”

வாய்ப்பழக்கம் பொல்லாதது. “ஒரு பொம்புளைக்கு…” என்று தொடங்கிவிட்டேன்.

றிஸ்னா நெற்றியில் கை வைத்தாள்.

டொக்டரம்மா பேனையை மூடினார். “சரி. அந்தப் பொம்புளையத் திரைக்கு அங்கால போய்க் கட்டில்ல படுக்கச் சொல்லுங்க. நான் கையக் கழுவிட்டு வாறன்.”

கட்டிலில் படுத்த பிறகுதான், “எனக்கு,” என்று முனகினேன்.

பார்த்தார். நான் பயந்தது போல ஒன்றும் இல்லை. கூச்சம் ஒரு நிமிடம்தான், பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே நேரம் போய்விட்டது. மாதம் எப்போது நின்றது, சீனி வருத்தம் இருக்கிறதா, பிரசர் இருக்கிறதா, இரத்தம் உறையாமல் இருக்க ஏதும் குளிசை எடுப்பதா, முன்வழியால் வருகிறதா, சலம் மலம் போகும்போது வருகிறதா என்றெல்லாம் கேட்டார். சீனி கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

“வலி ஒண்டும் இல்ல டொக்டர். கொஞ்சம்தான் வந்த,” என்று நானே சமாதானமும் சொன்னேன்.

“வலி இருந்தா நீங்க முதல் நாளே வந்திருப்பீங்க. வலி இல்லாததாலதான் எல்லாரும் பிந்தி வாறீங்க.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. “இங்க பாருங்கம்மா. மாதம் நிண்டு ஒரு வருசம் முழுசாக் கழிஞ்ச பிறகு ஒரு துளி கண்டாலும் வந்து காட்டணும். கபிலமோ சிவப்போ, ஒருதரமோ பலதரமோ, கணக்கு ஒண்டுதான்.”

“அப்ப இது ‘அது’வா?” என்றேன்.

“கூடுதலான ஆட்களுக்கு அது இல்ல. வயசு போக உள்தோல் மெலிஞ்சு காய்ஞ்சு போறதால வரும். கர்ப்பப்பைக்குள்ள சின்னத் தசை வளர்ந்தும் வரும். சில பேருக்குத்தான் பெரிய வருத்தம். ஆனா அந்தச் சில பேர் ஆர் எண்டு முகத்தப் பார்த்துச் சொல்ல என்னால ஏலாது. ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும். தேவையெண்டா உள்ளேருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிக்கணும். அதுவாவே இருந்தாலும், நேரத்தோட வந்தா சுகப்படுத்த வழி இருக்கு.”

றிஸ்னா இடையில் புகுந்தாள். “அப்ப எங்கட வயசுக்காரருக்கு டொக்டர்?”

“மாதம் கொஞ்சம் முன்ன பின்ன வாறது கன பேருக்கு இருக்கிறதுதான். ஆனா ரெண்டு மாதத்துக்கு நடுவில திரும்பத் திரும்பக் கண்டா, கணவனோட சேர்ந்த பிறகு கண்டா, வழமைய விட நாள் நீண்டு போனா காட்டணும். ஒரு பேட் ஒரு மணித்தியாலத்துக்குள்ள நனைஞ்சு, அடுத்ததும் அப்படியே நனைஞ்சா, தலை சுத்தி மயக்கம் வந்தா, கிளினிக் நாள் பார்த்துக்கொண்டு இருக்காம நேரே ஆஸ்பத்திரிக்கு வரணும். வயித்தில பிள்ள இருக்கக்குள்ள, இல்ல இருக்குமோ எண்டு சந்தேகம் இருக்கக்குள்ள கண்டாலும் உடன வரணும்.”

றிஸ்னா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். வாசிக்கிற நீங்களும் ஒருதரம் திருப்பி வாசியுங்கள். இந்தக் கதையை எழுதக் கூசிக்கொண்டிருந்த என்னை எழுதவைத்தது டொக்டரம்மாவின் இந்தப் பேச்சுத்தான்.

அவர் கேட்டது

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்பக்கம் தடித்திருந்தது. கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எடுக்கும்போது மாதக் குத்து மாதிரி ஒரு பிடி பிடித்தது. பிறகு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

றிஸ்னாவின் வாப்பாவிடம் அன்று பகல் சோற்றின்போது சொன்னேன். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

“கடைக்கு வந்து கேட்டது உனக்கா?”

“ஓம்.”

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “நான் ரெண்டு சுத்துச் சுத்தித் தந்தனே புள்ள,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அந்தக் காத்திருந்த நாட்களில் நான் அழுதது அந்த ஒரு தரம்தான்.

முடிவு, நோன்புக்குப் பதினைந்து நாள் முந்திய பராஅத்துக்குப் பிறகு வந்தது. பெரிய வருத்தம் இல்லை. ஆனால் அந்த வழியில் புறப்பட்டிருக்கிறது, சில கலங்கள், செல் என்பார்களே, அவை மாறத் தொடங்கியிருக்கின்றன என்றார் டொக்டரம்மா. “இப்படியே விட்டிருந்தா ஒரு நாள் போய்ச் சேர்ந்திருக்கும். கர்ப்பப்பைய எடுத்திடுவம்.”

“எடுங்க,” என்றேன். றிஸ்னாவை வைத்திருந்த இடம். அதற்கு மனதுக்குள் ஒரு ஸலாம் சொன்னேன்.

உப்பு

சத்திரசிகிச்சைக்குக் கிடைத்த நாள் நோன்பின் தொடக்கத்தில் வந்து விழுந்தது. வீட்டுக்கு வந்தபோது பாரம் தூக்கக் கூடாது, வேளைக்கு வேளை குளிசை, நோன்பு இல்லை. இத்தனை வருடம் முப்பதும் முழுசாகப் பிடித்த எனக்குத் திரும்பவும் களா.

முதல் நாள் பகல் பழைய புத்தி வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு குசினிக் கதவுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். மருமகன் வந்துவிட்டார். நாற்காலியை இழுத்து, என்னை நடு அறையிலேயே உட்காரவைத்து, மேசையில் தண்ணீரும் வைத்தார்.

“இங்கயே இரிந்து தின்னுங்க மாமி.” இந்தமுறை இருமவில்லை.

இப்போது கஞ்சிக்கு வருகிறேன். நோன்பில் எங்கள் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிற கூட்டத்தில் றிஸ்னாவின் வாப்பாவும் ஒருவர். அந்தக் கஞ்சியின் உப்பு ஊரறிந்த விஷயம். ஒருநாள் உப்பே இல்லை, மறுநாள் கடல். காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் இவர் பேணுதல்காரர், அதுவும் செய்ய மாட்டார்.

நான் வந்த மறுநாள் அஸருக்கு முன்னால் சைக்கிள் மணி கேட்டது. இவர் ஒரு கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். கஞ்சி, ஆவி பறக்க, மேலே பொரித்த வெங்காயம்.

“குடிச்சுப் பாரு.”

ஊதிக் குடித்தேன். “உப்புக் காணாது.”

“எவ்வளவு காணாது?”

“அந்தப் பெரிய சட்டிக்கு ரெண்டு கை போடுங்க. பிறகு கொண்டு வாங்க.”

போய்ப் போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். அந்த நோன்பு முடியும் மட்டும் அப்படித்தான். பள்ளிக் கஞ்சி இந்த வருடம் எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஊரே கதைத்தது. ஆரோ புதிய சமையல்காரர் வந்திருக்கிறாராம் என்றும் கேள்விப்பட்டேன்.

கையைத் தூக்கியவர்

பெருநாள் கழிந்து மஜ்லிஸ் தொடங்கியது. நானே எழும்பிச் சொன்னேன். “நான் கேட்ட அந்த ஒரு பொம்புள, நான்தான்.”

“அது எங்களுக்கு அண்டைக்கே தெரியும்கா,” என்றார் குறட்டைக்காரரின் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

அன்று ஒழுங்கையில் என் கூட நடந்து வந்தவர் கதீஜா மச்சி. வழமையாக வாய் ஓயாத ஆள், பேசாமல் வந்தார். எங்கள் கேற்றடியில் நின்றார்.

“மச்சி, ஒரு பொம்புளைக்கு…”

அவரைப் பார்த்தேன். அவர் மதில் மேலிருந்த காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தின நாளா மச்சி?” என்றேன்.

“போன வருசத்துலயிருந்து,” என்றார். “இடைக்கிட வரும். கழுவிட்டுத் தொழுதுக்குவன்.”

நான் துளி காண்பதற்கு ஒரு வருடம் முந்தி. இதிலும் முந்திவிட்டார்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பயப்பட வேண்டாம். மச்சிக்கு ஸ்கேனும் சோதனையும் செய்தார்கள். உள்தோல் மெலிந்து காய்ந்ததுதான், வேறு ஒன்றும் இல்லை. பூசுவதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்த முடிவு இல்லை. அதற்கு முதல், கிளினிக் வாசலில் நடந்தது. சுவரோரத்து நீள வாங்குப் பலகை நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மச்சி வீட்டிலிருந்து என் கையை விடவேயில்லை. தாதி மிஸ் எங்கள் முன்னால் வந்து நின்றார்.

“ரெண்டு பேரில வருத்தம் ஆருக்கு?”

மச்சிக்குப் பதிலாக நானே சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சி என் கையை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலத் தன் கையைத் தூக்கினார்.

“எனக்கு.”

வாங்கில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற சத்தம். நான் திரைக்கு அங்கால படுத்துக்கொண்டு முனகிச் சொன்ன சொல் அது.